காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் என்ஜின்

பழைய அவுட்போர்டு என்ஜின் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கூத்து தெரியும். விடிகாலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். ஒருவழியாக இருமிக்கொண்டே கிளம்பும். அதன் பிறகு நாள் முழுவதும் ஒரு குறையும் இராது. வலை வாங்க நிறுத்திவிட்டு மறுபடி இழுத்தால் முதல் இழுப்பிலேயே உயிர் வந்துவிடும். மறுநாள் காலை, பழைய குருடி கதவைத் திறடி.

பலரும் முதலில் பிளக்கை மாற்றுவார்கள். அது போதாதென்றால் காயில், பிறகு கார்புரேட்டர் கிட், கடைசியில் என்ஜினையே வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. ஆனால் என்ஜின் தன் நோயைப் பாதி சொல்லிவிட்டதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மதியம் கிளம்புகிறது, காலையில் கிளம்பவில்லை. இரண்டு வேளைக்கும் நடுவில் பிளக் மாறவில்லை, பிஸ்டன் மாறவில்லை, தொட்டியில் இருக்கும் பெட்ரோலும் மாறவில்லை. மாறியது சூடு ஒன்றுதான். அந்தச் சூடு என்னென்ன ஒத்தாசை செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பார்த்தால், எந்தப் பகுதி தன் வேலையைச் செய்யாமல் சூட்டின் தயவில் காலம் தள்ளுகிறது என்பது பிடிபட்டுவிடும். இங்கே பேசுவது கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்களைப் பற்றி. கணினி வைத்த புதிய நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்களின் நோய்கள் வேறு.

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது. அதன் ஆவி காற்றோடு கலந்தால்தான் எரியும், அதுவும் ஓர் அளவுக்குள்தான். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் பொறி பற்றாது, 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான விகிதம். இதில் கணக்கில் வருவது ஆவியான பெட்ரோல் மட்டுமே. சுவரில் ஒட்டிய துளி அந்த நேரத்துக்கு இல்லாததற்குச் சமம்.

பெட்ரோல் ஒற்றைப் பொருளும் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட ஹைட்ரோகார்பன்களின் கலவை. சில 35 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும், சிலவற்றுக்கு 200 டிகிரி வேண்டும். சூடான என்ஜினுக்குள் நுழைந்தவுடன் ஏறத்தாழ எல்லாமே ஆவியாகிவிடும். ஆறிப்போன என்ஜினில் மேலோட்டமான லேசான பங்கு மட்டும் ஆவியாகும். மற்றது திரவமாகவே தங்கிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் எரிபொருள் கார்புரேட்டரிலிருந்து நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் அறைக்குள் இறங்கி, அங்கே அழுத்தப்பட்டு, பக்கவழியாக மேலேறிச் சிலிண்டருக்குள் வருகிறது. வழியெல்லாம் குளிர்ந்த அலுமினியச் சுவர்கள். இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி நீர்த்துளியாவது போல, கொஞ்சம் ஆவியானதும் சுவரில் பட்டுத் திரும்பவும் துளியாகிவிடும்.

இதற்கு என்ஜினைச் செய்தவர்கள் கண்ட வழி எளிமையானது. கால்பங்குதான் ஆவியாகும் என்றால் நான்கு பங்கு ஊற்று. சோக் செய்வது அதைத்தான். கார்புரேட்டரின் வாயை ஒரு தகட்டால் மூடிவிட்டால், காற்று குறைந்து உறிஞ்சுதல் கூடி, ஜெட் வழியே பெட்ரோல் கொட்டும். சில என்ஜின்களில், குறிப்பாக 1980-களுக்குப் பிந்தைய ஜான்சன், எவின்ரூட் வகைகளில், சோக் தகட்டுக்குப் பதில் பிரைமர் உண்டு. அது உள்வழிக்குள் நேரடியாகவே பெட்ரோலைத் தெளிக்கும்.

சோக் ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. கார்புரேட்டர் பெட்ரோலை இழுப்பது காற்றின் வேகத்தை நம்பி. குறுகலான தொண்டையில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஒன்றானால் உறிஞ்சும் விசை நூறில் ஒன்றாகிவிடும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும் என்ஜின், கயிற்றை இழுக்கும்போது சில நூறு சுற்றுதான் சுற்றுகிறது. எரிபொருள் அதிகம் வேண்டிய நேரத்தில்தான் அதை இழுக்கும் பலம் மிகக் குறைவாக இருக்கிறது. சோக் இல்லாமல் காலையில் பழைய என்ஜினைக் கிளப்பிவிட்டேன் என்று யாராவது பீற்றிக்கொண்டால், அவர் கார்புரேட்டர் வேறெங்கோ பெட்ரோலை ஒழுகவிட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே காசு செலவில்லாத முதல் சோதனை இதுதான். மூடியைக் கழற்றி, சோக் பிடியை முழுக்க இழுத்து, கார்புரேட்டர் வாயைக் கண்ணால் பார்ப்பது. தகடு முழுவதும் மூடுகிறதா? பிடி முழுக்க வெளியே வந்திருக்கும். ஆனால் கம்பி தளர்ந்தோ, உப்பேறி இறுகியோ, தகடு முக்கால்வாசியில் நின்றிருக்கும். அந்தக் கால்வாசி இடைவெளி போதும், உறிஞ்சுதல் முழுக்க வீணாகிவிடும். பிரைமர் உள்ள என்ஜினில் அதன் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி, எரிபொருள் குழாயில் இருக்கும் கை பல்பை அழுத்திக்கொண்டே பிரைமரை இயக்கினால் பெட்ரோல் பீறிட வேண்டும். சொட்டினாலோ வராமலே போனாலோ தேடல் அங்கேயே முடிந்தது.

குளிர்நாட்டுக்காரர்களின் தொல்லை இது என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்டு முழுவதும் வியர்க்கும் கன்னியாகுமரிக் கரையிலும் கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் இதே சிக்கல் இன்னும் கூர்மையாக இருக்கிறது. காரணம், மண்ணெண்ணெய். கேரளக் கரையில் 1980-களில் அவுட்போர்டு என்ஜின்கள் பெருகியபோது, பெட்ரோலைவிட மலிவான மண்ணெண்ணெயில் ஓடும் வகைதான் மீனவர்களுக்குக் கட்டுப்படியானது. தென்தமிழகத்துப் பைபர் வள்ளங்களிலும் வட இலங்கையிலும் அதே கதை. இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியபோது, சிறு படகுக்காரர்களின் அடுப்போடு சேர்ந்து அவர்களின் என்ஜினும் அணைந்தது அதனால்தான்.

ஒரு திரவத்தின் மேற்பரப்பில் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி சேரும் குறைந்தபட்ச வெப்பநிலை ஒன்று உண்டு. பெட்ரோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரிக்கும் மேல். காலை 27 டிகிரியில் கரையில் நிற்கும் வள்ளத்தைப் பொறுத்தவரை மண்ணெண்ணெய் எரிபொருளே அல்ல, வெறும் எண்ணெய். ஆகவேதான் இந்த என்ஜின்களுக்கு இரண்டு தொட்டி. சின்னத் தொட்டியில் ஆயில் கலந்த பெட்ரோல், பெரியதில் ஆயில் கலந்த மண்ணெண்ணெய். பெட்ரோலில் கிளப்பி, சில நிமிடம் ஓடி உடம்பு சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடான கிராங்க் அறையில் மண்ணெண்ணெய் ஆவியாகத் தொடங்கும்.

மண்ணெண்ணெய் என்ஜினின் இன்னொரு பலவீனமும் இதில் சேர்கிறது. மண்ணெண்ணெய் சுமார் 210 டிகிரியிலேயே பொறியில்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும், பெட்ரோலைவிடச் சீக்கிரம். அழுத்தம் அதிகமானால் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். அதனால் இந்த என்ஜின்களின் அழுத்த விகிதத்தையே குறைத்து வடிவமைக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் அழுத்தத்தால் பிறக்கும் சூடும் குறையும். காலை நேரத்தில் அந்தச் சூடும் உதவிக்கு வராது.

கரைக்கு வரும்போது பெட்ரோலுக்குத் திருப்பாமல் என்ஜினை நிறுத்தினால் என்ன ஆகும்? கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பி எத்தனை இழுத்தாலும், கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை அதுதான் உள்ளே போகும். போவது எரியாமல் பிளக்கை நனைக்கும். கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, இருப்பதைக் கொட்டி, புதுப் பெட்ரோல் நிரம்ப விடுவது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் அரைமணி நேரம் கயிற்றோடு மல்லுக்கட்டுபவர்களைக் கரையில் எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

குளச்சல் பக்கம் ஒரு பட்டறையில் மூத்த மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். படகுக்காரப் பையன் என்ஜினைக் கொண்டுவந்து இறக்கி, என்னென்ன மாற்றினான் என்று பட்டியல் போடத் தொடங்கினான். இவர் காது கொடுக்கவில்லை. சோக்கை இழுத்துவிட்டு ஐந்தாறு தரம் இழுக்கச் சொன்னார். கிளம்பவில்லை. "பிளக்க கழத்து மக்களே, கொண்டா இங்க" என்றார். வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், பெருவிரலால் முனையைத் தடவினார். வெள்ளைப் பீங்கான் காய்ந்து கிடந்தது, விரலில் ஈரமே இல்லை. "உள்ள ஒண்ணும் போகலடே." அதோடு காயிலும், அதற்கு மின்துடிப்பு அனுப்பும் சி.டி.ஐ. பெட்டியும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து விடுதலை.

இவ்வளவு இழுத்தும் பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் வந்துவிட்டது, பொறிதான் அதைப் பற்றவைக்கவில்லை, அல்லது வந்தது அளவுக்கு மீறிவிட்டது. இந்த ஒரு பார்வை வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. காய்ந்த பிளக்கை உறுதிப்படுத்த இன்னொரு வழி உண்டு. ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மருந்து ஊசிக்குழாயில் சில துளி எடுத்துக் கார்புரேட்டர் வாய்க்குள் விட்டு இழுப்பது. உடனே கிளம்பி, சில நொடியில் அணைந்தால் பொறியும் அழுத்தமும் நன்றாகவே இருக்கின்றன. கடைகளில் விற்கும் ஈதர் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எரிபொருளோடு வரும் ஆயில்தான் ஒரே உயவு. ஈதர் அதைக் கழுவிக்கொண்டு போவதோடு கண்டபடி வெடிக்கவும் செய்யும்.

காய்ந்த பிளக்குக்குக் காரணம் தேடும்போது தொட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? கை பல்பை அம்புக்குறி மேலே பார்க்கும்படி பிடித்து அழுத்தினால் கல் போல இறுக வேண்டும். இறுகாமல் நொசநொசவென்றிருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்பின் உள்ளே இருக்கும் வால்வு போய்விட்டது. குழாய் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே போகும். ஓடும்போது பம்ப் சமாளித்துவிடும். இரவு முழுக்க நின்றால் குழாயில் இருந்த பெட்ரோல் தொட்டிக்கே திரும்பியிருக்கும்.

பல்ப் இறுகியும் பிளக் காய்ந்திருந்தால் கார்புரேட்டரைக் கழற்றியாக வேண்டும். குற்றவாளி பெரும்பாலும் பைலட் ஜெட். முழு வேகத்தில் ஓடுவது பெரிய ஜெட்டால், கிளம்புவதும் மெதுவாக ஓடுவதும் இந்தச் சின்னதால். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும், சுமார் அரை மில்லிமீட்டர். வட்டமாகத் தெரிய வேண்டிய வெளிச்சம் பிறை போலத் தெரிந்தால் உள்ளே பிசின் படிந்திருக்கிறது. 0.5 மி.மீ. துளை 0.4 ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். பரப்புக் கணக்கில் 36 சதவீதம் போய்விட்டது. சூடான என்ஜின் மீதி 64 சதவீதத்தோடு குடித்தனம் நடத்திவிடும், குளிர்ந்தது நடத்தாது. கிளம்பிய பிறகும் சோக்கை உள்ளே தள்ளினால் அணைந்துவிடுகிறது, பல்பை அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடுகிறது என்றால் இதே நோய்தான். சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டாம். பித்தளை ஜெட்டை அது அறுத்துப் பெரிதாக்கிவிடும். மின்கம்பிக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழையும் கார்புரேட்டர் கிளீனரும் போதும்.

அந்தப் பிசின் எங்கிருந்து வந்தது? நாள்பட்ட பெட்ரோலிலிருந்து. காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் ஆன பெட்ரோல் மெல்ல மெல்லப் பிசினாகிறது. அதற்கும் முன்பே இன்னொரு சேதம் நடந்துவிடும். திறந்த தொட்டியில் முதலில் பறந்துபோவது லேசான பங்குதான், காலையில் என்ஜினைக் கிளப்ப வேண்டிய அதே பங்கு. மீதி இருப்பது சூடான என்ஜினுக்குத் தாராளமாகப் போதும். மூன்று மாதம் நின்ற படகில், எதையும் கழற்றுவதற்கு முன் வேறொரு கேனில் புதுப் பெட்ரோல் கலந்து இழுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

எத்தனாலும் இப்போது இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, பிறகு நாடெங்கும் பரவியது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 1979-இல் எத்தனாலில் ஓடும் கார்களை விற்கத் தொடங்கிய பிரேசிலில், குளிர்காலையில் கிளப்புவதற்கென்றே அவற்றில் ஒரு குட்டிப் பெட்ரோல் தொட்டி வைக்க வேண்டியிருந்தது. நம் மண்ணெண்ணெய் வள்ளத்தின் இரட்டைத் தொட்டிக்கு அது தூரத்துப் பங்காளி. கடல் காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சும். அளவு மீறினால் நீரும் எத்தனாலுமாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

பிளக் நனைந்திருந்தால் கதை வேறு. முதலில் அதிகப்படியைத் துரத்த வேண்டும். சோக்கைத் திறந்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, அதன் வயரைத் துளையிலிருந்து தள்ளி என்ஜின் உடம்போடு இணைத்துவிட்டுச் சில இழுப்பு. வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு இழுத்தால் சி.டி.ஐ. பெட்டி சேதமாகலாம், பெட்ரோல் ஆவிக்கு நடுவே பொறி பறந்தால் முகமும் சேதமாகலாம். காய்ந்த பிளக்கை மாட்டிக் கிளம்பினால் சோக்கை அதிக நேரம் வைத்ததுதான் பிரச்சினை.

கிளம்பாவிட்டால் பொறியைப் பார்க்க வேண்டும். வழக்கமாகச் செய்வது போல் பிளக்கை உடம்பில் வைத்து இழுத்து, "பொறி வருது" என்று சொல்வது ஏமாற்று. திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட நாலாயிரம் வோல்ட் வாக்கில் போதும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். ஆகவே பட்டறைகளில் இடைவெளியை அகலமாக வைக்கும் சோதனைக் கருவி வைத்திருப்பார்கள். சி.டி.ஐ. வைத்த பழைய ஜான்சன், எவின்ரூட் என்ஜின்களில் சுமார் 11 மி.மீ. தாண்டி நீலமாகப் பாய்வதை எதிர்பார்ப்பார்கள். மஞ்சளாக நூல் போல வந்தால் அது உள்ளே போய் எதையும் சாதிக்காது.

இருந்தாலும் காலையில் மட்டும் வரும் நோய்க்கு மின்பகுதியை முதலில் சந்தேகிக்க எனக்கு மனம் வராது. செம்புச் சுருளின் மின்தடை 50 டிகிரி சூடேறினால் 20 சதவீதம் கூடும். நைந்த காயில் பெரும்பாலும் சூட்டில்தான் கைவிடும், இங்கே நடப்பதோ நேர் எதிர். விதிவிலக்கு சார்ஜ் காயில். அதன் மின்னழுத்தம் சுழலும் வேகத்தைப் பொறுத்தது. காந்தம் பலமிழந்தோ காயில் நலிந்தோ இருந்தால், மெதுவாகச் சுற்றும்போது போதிய மின்சாரம் பிறக்காது. சூடான என்ஜின் இலகுவாகச் சுற்றுவதால் தப்பித்துக்கொள்ளும். வாலிபன் இழுத்தால் கிளம்புகிறது, அப்பா இழுத்தால் கிளம்பவில்லை என்றால் அங்கே பார்க்கலாம்.

இழுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கயிற்றை மெதுவாக இழுத்து, இறுக்கம் தட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தப்பட்ட காற்றின் சூடு சுவரில் கரைந்துவிடும், பிஸ்டன் வளையங்களின் வழியே காற்றும் கசியும். ஓலி எவின்ரூட் 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் என்ஜினில் கயிறே கிடையாது. சக்கரத்தின் மேல் இருக்கும் மரக்குமிழைப் பிடித்துக் கையால் சுழற்ற வேண்டும். எதிர்ப்புறம் உதைத்தால் விரல்முட்டி போய்விடும்.

எரிபொருளும் பொறியும் சரியாக இருந்தும் காலை முரண்டு தீராதபோது அழுத்தமானி வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மற்றதைவிட 15 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால், பிளக் துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார்ப்பார்கள். எண் ஏறினால் வளையம் தேய்ந்திருக்கிறது. சூடேறி உலோகம் விரிந்து, ஆயில் படலமும் பரவிய பிறகு அந்தத் தேய்மானம் பாதி மறைந்துவிடும்.

அழுத்தமும் சரி என்றால் கடைசியாக ரீட் வால்வு. கார்புரேட்டருக்கும் கிராங்க் அறைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எஃகு நாக்குகள் இவை. உள்ளே வந்த கலவை திரும்பி ஓடாமல் காப்பது இவற்றின் வேலை. முனை உடைந்தோ வளைந்தோ போனால் மெதுவான சுழற்சியில் கலவை வந்த வழியே திரும்பிவிடும், வேகம் கூடினால் அந்தக் கசிவுக்கு நேரம் கிடைக்காது. கார்புரேட்டர் வாய்க்கு எதிரே உள்ளங்கையைக் காட்டி, மெதுவாக ஓடும்போது பெட்ரோல் சாரல் கையில் படிகிறதா என்று பார்த்தால் தெரியும். படிந்தால் உள்வழிப் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். அரைநாள் வேலை, புது கேஸ்கெட்டும் வேண்டும். நாக்கு தன் இருக்கையில் வெளிச்சம் தெரியாமல் படிய வேண்டும். வளைந்திருந்தால் நிமிர்த்தவோ திருப்பி மாட்டவோ கூடாது, புதியதுதான் போட வேண்டும். உடைந்த துண்டு காணவில்லை என்றால், அதைத் தேடி எடுக்காமல் கயிற்றை மறுபடி இழுக்கவே கூடாது.